பழுப்பு வளையம்

எங்கள் லேபில் மகாராணி என்று ஒருத்தி இருந்தாள். ஆளாக இல்லை. எப்போதோ அவள் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டியின் ஒரு துண்டை மெழுகில் பதித்து இழுப்பறையில் வைத்திருந்தோம். அவள் யார், என்ன வேலை பார்த்தாள், இப்போது உயிரோடு இருக்கிறாளா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஓடாது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்பகக் கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இருந்தால் அதற்கென்றே ஒரு மருந்து இருக்கிறது, கொடுத்தால் நன்றாகவே கேட்கும். இல்லையென்றால் அந்த மருந்தைக் கொடுத்தும் புண்ணியமில்லை. எல்லோருக்கும் கொடுக்கிற பொது மருந்துகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

புரதம் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடிப் பிடிக்க ஆன்டிபாடி என்ற திரவம் சின்னக் குப்பியில் வரும். அதற்கு உலகத்தில் ஒரே ஒரு முகம்தான் தெரியும். ரயில் நிலையத்துக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டாலும் நேராக அந்த ஒருத்தரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளும் ஆள் மாதிரி. அது பிடித்த இடத்தில் நாங்கள் சாயம் ஏற்றுவோம். புரதம் உள்ள செல்லைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் விழும். புரதம் இல்லாத செல் வெறும் நீலமாக நிற்கும். உண்டு அல்லது இல்லை என்று நாங்கள் எழுதுகிற அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும்.

சரி, குப்பியில் இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் மகாராணி. ஒவ்வொரு தடவையும் நோயாளிகளின் ஸ்லைடுகளோடு அவளுடைய ஒரு சீவலையும் சேர்த்துச் சாயத்தில் போடுவோம். அவளிடம் அந்தப் புரதம் கொட்டிக் கிடந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் காபிப் பொடியை அள்ளி இறைத்த மாதிரி இருக்கும். வெளியிலிருந்து டாக்டர்கள் வந்தால் நாங்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அவளைத்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைக் காட்டுகிற பெருமை எங்கள் எல்லோர் முகத்திலும் இருக்கும்.

"மகாராணி ஜம்முனு வந்திருக்கா டாக்டர்" என்று எங்கள் டெக்னீஷியன் கதவைத் திறந்து சொல்வார். அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வந்து சட்டைக் கையை மடிக்கும்போது ஆரம்பித்தால் வீட்டுக்குப் போகும்வரை ஓயாது. அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைய சாயம் பாஸ். பிறகு நோயாளிகளின் ஸ்லைடுகளைப் பார்ப்போம், உண்டு, இல்லை என்று எழுதுவோம். இதில் ஏதோ தப்பு இருக்கக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. தையல்காரி. வாயும் கத்தரிக்கோலும் ஒரே பதம். "பொணத்த அறுக்கிறவளா நம்ம வீட்டுக்கு வரப் போறா?" என்று எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டவள் அவள். நான் பிணம் அறுப்பதில்லை, உயிரோடு இருப்பவர்களின் சதையைத்தான் பார்க்கிறேன் என்று என் கணவர் விளக்கப் போக, "அது இன்னும் மோசம்" என்றாளாம். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் தைத்துக் கொடுத்த உடுப்பை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. பல வருஷம் நாங்கள் இரண்டு பேரும் பேச வேண்டியதையெல்லாம் என் கணவர் வழியாகவே பேசினோம். பாவம், மனிதர் தபால்காரர் வேலை பார்த்தார்.

ஒரு நாள் அண்ணி சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். தம்பி கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவனைத் தாண்டி நேராகச் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"இவளே, இங்க தொட்டுப் பாரு" என்று என் கையைப் பிடித்துத் தன் மார்பின்மேல் வைத்தாள்.

தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு எங்களுக்குத் தபால்காரர் தேவைப்படவில்லை.

ஊசி போட்டு எடுத்த சதையை எங்கள் லேபுக்கே அனுப்பச் சொன்னது நான்தான். "என் சதையக்கூட உன்கிட்டதான் குடுக்கணுமா, தலையெழுத்து" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் கொடுத்தாள். சொந்தக்காரர்களின் ஸ்லைடை நாங்கள் பார்ப்பதில்லை, அது எங்கள் வழக்கம். அதனால் எங்கள் துறைத் தலைவர்தான் பார்த்தார். அவரை எல்லோரும் ஐயா என்போம். மகாராணி அன்றைக்கும் ஜம்மென்று வந்திருந்தாள். ஐயா பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதினார். அண்ணிக்குப் பொது மருந்து ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நாள் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கல்லீரலுக்குப் போய்விட்டது. மருந்தை மாற்றினார்கள், அதுவும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அண்ணி எங்கள் வீட்டிலேயே வந்து தங்கியிருந்தாள். முடியெல்லாம் போய், நெஞ்செலும்பு தெரிய, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களின் உடுப்புகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஐம்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. அந்தப் புரதம் மட்டும் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் பழைய குப்பி தீரும் தறுவாயில் புதுக் குப்பி வந்தது. புதிது வந்தால் உடனே எடுத்து ஊற்றிவிட மாட்டோம். பழைய நோயாளிகள் சிலரின் சதையைச் சீவி, ஒரு சீவலுக்குப் பழைய குப்பியின் மிச்சம், பக்கத்துச் சீவலுக்குப் புதியது என்று போட்டு, இரண்டும் ஒன்றுபோல வருகிறதா என்று பார்ப்போம். வழக்கமாக ரேடியோ நல்ல பழுப்பாக வருகிற துண்டுகளாகத்தான் பொறுக்குவார். பார்க்க அழகாக இருக்கும், வேலையும் சட்டென்று முடியும். அந்தத் தடவை அவையெல்லாம் சீவிச் சீவித் தீர்ந்துபோயிருந்தன. அலமாரியைக் குடைந்து, சில வருஷங்களுக்கு முன் மெலிசான வளையத்தோடு உண்டு என்று எழுதப்பட்ட ஒரு துண்டையும் எடுத்துப் போட்டிருந்தார்.

அன்று காலை அவர் ஸ்லைடுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். ரேடியோ பேசாமல் நின்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைப்போம். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்களே பாருங்க டாக்டர்."

புதுக் குப்பியில் போட்ட சீவலில் செல்களைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு, முழு வட்டமாக. பழைய குப்பியில் போட்ட சீவல் வெறும் நீலம். ஒரே துண்டிலிருந்து அடுத்தடுத்துச் சீவியது. ஒன்றில் உண்டு, இன்னொன்றில் இல்லை.

மகாராணியை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு குப்பியிலும் ஒரே பழுப்பு, காபிப் பொடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய குப்பி எப்போதிருந்தோ செத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாதி உயிர் போன ஆன்டிபாடிக்கும் மகாராணி பழுப்பாகத்தான் வருவாள், அவளிடம் புரதம் அவ்வளவு இருக்கிறது. கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போது ஓட்டை வாளியிலும் ஏதாவது வரத்தானே செய்யும். கொஞ்சமாகப் புரதம் உள்ளவர்களைத்தான் அந்தக் குப்பி கைவிட்டிருக்கிறது. நாங்களோ தினமும் மகாராணியின் அழகைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவ்வளவு நல்ல துண்டை அந்த வேலைக்கு வைத்ததுதான் தப்பு. சுமாரான ஒருத்தியை வைத்திருந்தால் குப்பி கெட்ட அன்றைக்கே காட்டிக் கொடுத்திருப்பாள்.

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தோம். குப்பி நின்றிருந்த இடம் பின்சுவரை ஒட்டி. சுவரில் பனி கட்டியிருந்தது. உறைவதும் உருகுவதுமாக எத்தனை மாதம் அங்கே கிடந்ததோ. யார் அங்கே வைத்தார்கள் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. எல்லோரும்தான் அங்கே வைத்தோம்.

ஐயாவிடம் போனேன். "கண்ட்ரோல், நம்ம மகாராணி, நல்லாத்தானேம்மா வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். நான் ஸ்லைடுகளை அவர் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மாற்றி மாற்றிப் பார்த்தார். நிமிரவே இல்லை. நான் கோபமாகத்தான் போயிருந்தேன். ஆனால் அவருடைய பின்கழுத்தைப் பார்த்தபோது கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்தக் குப்பியில இல்லைன்னு எழுதினது எல்லாத்தையும் திரும்பப் போடணும்" என்றார் கடைசியில். பிறகு மெதுவாக, "உன் நாத்தனாரோடதும் இதுலதானே?"

"ஆமா."

அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். முடிவு தெரிவதற்கு முன் சொல்லியிருக்கக் கூடாது. என் கணவர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதையேதான் கேட்டார். என்ன செய்வது, அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

கேட்டுவிட்டு அவள் கத்தவில்லை. கத்துவாள், கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் தயாராக இருந்தேன்.

"அப்ப எனக்கு அந்த மருந்து கிடைக்கலாம்."

"கிடைக்கலாம் அண்ணி. கிடைக்காமலும் போகலாம்."

"ரெண்டாவது சொன்னது எனக்குக் காதுல விழல" என்றாள்.

மறுநாள் இட்லி வெந்துவிட்டதா என்று பானையைத் திறந்து பார்க்கிறவள் மாதிரி அவளாகவே அடிக்கடி சமையலறைக்கு வந்தாள். இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள். தையல் மெஷினை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள், அந்தப் பெண் வந்து கேட்டபோது, "இப்ப இல்லம்மா, கொஞ்சம் பொறு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். என் காதுபடத்தான் சொன்னாள்.

லேபில் அண்ணியின் மெழுகுக் கட்டியை எடுத்தபோது அதில் சதை கொஞ்சம்தான் மிச்சம். ஊசியில் எடுத்ததே ஒரு நூலளவு, முதல் தடவை பார்த்தபோது பாதி தீர்ந்துவிட்டது. ரேடியோ கத்தியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சீவல் வெங்காயச் சருகைவிட மெலிசாக வரும், மூச்சு விட்டால் பறக்கும். முதலில் வந்தது வெறும் மெழுகு. அடுத்ததும் மெழுகு. மூன்றாவதில் ஓரமாக ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. அதை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி எடுத்தார். "இதுக்கு மேல சீவுனா ஒண்ணுமே இருக்காது டாக்டர்" என்றார். போதும் என்றேன்.

அண்ணியுடையதை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. ஐயா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உனக்குப் பழுப்பு வேணும். எனக்கு நீலம் வேணும், நான் முன்ன எழுதினது தப்பில்லைன்னு ஆகணும். ரெண்டு பேர் கண்ணையும் நம்ப முடியாதும்மா."

அவர் சொன்னது சரி. மெலிசான வளையம் என்பது அப்படித்தான், வேண்டும் என்று பார்த்தால் இருக்கும், வேண்டாம் என்று பார்த்தால் இருக்காது. எனவே ரேடியோ எல்லா ஸ்லைடுகளின் பெயர்ச் சீட்டுகளையும் ஒட்டுத் தாளால் மறைத்துக் கலைத்து வைத்தார். எது யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தனித்தனி அறையில் பார்த்து எழுத வேண்டும். பிறகு சேர்ந்து பிரிக்க வேண்டும்.

நான் பார்க்க உட்கார்ந்தேன். நீலம். அடுத்தது, நீலம். இன்னொன்றில் ஓரத்தில் ஏதோ பழுப்பு மாதிரி இருந்தது. வெகுநேரம் அதிலேயே நின்றேன். இது அண்ணியாக இருந்தால் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உண்டு என்று எழுதப் பேனா துடித்தது. ஆனால் அது சீவல் மடிந்த இடத்தில் தேங்கிய சாயம், வளையம் இல்லை. இல்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு அண்ணியை நானே கொன்றுவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு, மூன்று ஸ்லைடுகள். சட்சட்டென்று தாண்டினேன். பிறகு அது வந்தது.

பழுப்பு வளையம். சந்தேகமே இல்லாமல், ஒவ்வொரு செல்லையும் சுற்றி முழு வட்டம். என்னை அறியாமல் "அண்ணி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஊசியில் எடுத்த சதைகள் எல்லாம் ஒரே மாதிரி நீளக் கீற்றாகத்தான் இருக்கும், யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது அண்ணிதான் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அந்த வளைவு, அந்தக் கீற்றின் முனை, எல்லாம் அவள் ஜாடையாகவே பட்டது. பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் கண்ணீர் விழுந்து மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடி மங்கிப்போய்த் துடைக்க வேண்டியிருந்தது.

ஐயாவும் அந்த ஒன்றைத்தான் உண்டு என்று எழுதியிருந்தார். மற்றவை எல்லாம் இல்லை. எங்கள் இருவர் கணக்கிலும் வித்தியாசமே கிடையாது. ரேடியோ நகத்தால் ஒட்டுத் தாளை உரித்தார். உரித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஐயாவிடம் நீட்டினார்.

அது வேறு ஒருத்தி. பெயரைக்கூட நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அண்ணியுடையது எது என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். நடுவில், ஒரு நொடிகூட நிற்காமல் நான் தாண்டிப்போன ஸ்லைடு. மறுபடி வைத்துப் பார்த்தேன். தெளிவான நீலம். சந்தேகத்துக்குக்கூட இடம் வைக்காத நீலம்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த இன்னொருத்தியை வெறுத்தேன். முகம் தெரியாத, ஒரு பாவமும் செய்யாத, எங்கள் குப்பியால் மாதக்கணக்கில் மருந்தை இழந்த ஒரு பெண்ணை, அண்ணியின் இடத்தில் வந்து உட்கார்ந்தவளாக நினைத்து வெறுத்தேன். ஐயா அவளுடைய டாக்டருக்கு அப்போதே போன் போட்டார். குப்பி கெட்டுப்போயிருந்தது, எங்கள் தப்பு, முன்பு சொன்னது தவறு, உடனே மருந்தை மாற்றுங்கள் என்று ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது. ஐயா "ஆமா, ஆமா" என்று வாங்கிக்கொண்டார். போனை வைத்ததும், "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

வீட்டுக்குப் போனபோது நல்ல வெயில். அண்ணி ஜன்னல் பக்கம் ஒரு சட்டையின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னோடது?"

"இல்ல அண்ணி. முன்னாடி சொன்னதுதான்."

அவள் இன்னும் இரண்டு தையலைப் பிரித்தாள். நூலை விரலில் சுற்றி எடுத்துத் தரையில் போட்டாள்.

"நல்லாப் பாத்தியா?"

"நானும் பாத்தேன், ஐயாவும் பாத்தார். யாரோடதுன்னு தெரியாமத்தான் பாத்தோம்."

"கெட்டுப்போன குப்பி" என்றாள். "ஊருக்கெல்லாம் பொய் சொல்லிட்டு, எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லித் தொலைச்சிருக்கு பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், எதற்கென்று கேட்பது? தப்பான ரிப்போர்ட்டுக்காக என்றால் அவள் ரிப்போர்ட் தப்பாக இல்லையே. ஆசை காட்டியதற்காகத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவள் கையை மட்டும் அசைத்து விடு என்றாள்.

காலரின் அடுத்த தையலைப் பிரித்துக்கொண்டே, "வேற யாருக்காவது மாறிச்சா?" என்றாள்.

"ஒருத்திக்கு."

"மருந்து கேக்குமா?"

"கேக்கும்னுதான் நெனைக்கிறேன். உடனே ஆரம்பிக்கிறாங்க."

"சின்ன வயசா?"

"உங்களவிடச் சின்னவ."

அண்ணி சட்டையை மடியில் வைத்தாள். தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள், அது உறுமி உறுமி நின்றுபோனது. அண்ணி அதையே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாய்வரை வந்துவிட்டது, துடைக்கவில்லை.

"நல்லா இருக்கட்டும்னு சொல்லணும், இல்ல?"

நான் தரையில் கிடந்த நூலைப் பொறுக்கினேன்.

"இன்னிக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்றேன்."

"எனக்கும் வரல அண்ணி."

என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் என்னை மேலும் கீழுமாக அளந்தாளே, அந்தப் பார்வைதான், ஆனால் கோபம் இல்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருந்த பலம் எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது.

"நான் நாளைக்குச் சொல்லலாம். நீ டாக்டரு. நீ இப்பவே சொல்லணும்."

"அண்ணி..."

"சொல்லு. நான் கேக்குறேன்."

சொன்னேன். முதல் தடவை 'அவ நல்லா இருக்கட்டும்' என்று எனக்குள்ளேயே முணுமுணுத்தேன், அவள் மணிக்கட்டை விடவில்லை. மறுபடி சொன்னேன்.